படலமில்லாப் படல விளைவு

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் ஆய்வகக் குறிப்பேடுகள் ஏழையும் நிறுவனத்தின் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். எந்தக் குழு எதற்கு முன்னால் கூடியது, யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதில் நான் தவறலாம். இரண்டு எண்களில் மட்டும் தவற மாட்டேன். இருநூற்று எண்பத்தேழு டிகிரி, முந்நூற்று ஐம்பத்தெட்டு டிகிரி. அவை என் நினைவை நம்பி இருப்பவை அல்ல.

நான் ஆறாண்டுகள் ஆய்வு மாணவனாக இருந்தது உயர்வெப்பக் காந்தப் படல நிறுவனத்தில். வேலை இதுதான். விரல் நகம் அளவுக்கு ஒரு படிகத் துண்டு. அதன் மேல் காந்தப் பொருளால் ஆன படலம். ஒரு தலைமுடியை நூறாக வகுந்தால் எவ்வளவு தடிமன் வருமோ அவ்வளவு. அதற்கும் மேலே ஒரு பிளாட்டினக் கோடு. துண்டை உலைக்குள் இரண்டு கிளிப்புகள் கவ்விப் பிடித்திருக்கும். அந்தக் கிளிப்புகள் வழியாகத்தான் மின்சைகை வெளியே வரும். துண்டின் ஒரு முகத்தைச் சூடாகவும் மறுமுகத்தைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் வைத்தால், எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் ஸ்பின் என்னும் சுழற்சி மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிக்கொண்டே போகும். பிளாட்டினத்தை அடையும்போது அது ஒரு சின்ன மின்னழுத்தமாகத் தெரியும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. காந்தத்தின் திசையைத் திருப்பினால் சைகையும் தலைகீழாகத் திரும்பும்.

எங்கள் படலம் இருநூற்று எண்பத்தேழு டிகிரியில் காந்தத்தன்மையை இழந்துவிடும். சைகையும் அதோடு செத்துவிடும். அது எப்படிச் சாகிறது என்று டிகிரி டிகிரியாக அளந்து எழுதுவதுதான் என் ஆய்வேடு. பேச்சுத் தேவைப்படாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு தானாக ரத்தாகிவிடும் என்பது விதி. அந்த ஆறாண்டும் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா ஒரு மருத்துவமனையில் இசிஜி எடுப்பவள். காலை ஏழு மணிக்குப் போய், முன்பின் தெரியாத மனிதர்களின் நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டிவிட்டு, ஐந்து மணிக்கு வருவாள். வந்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி. “எப்படா முடியும்?” ஆறாண்டுகளில் அவள் இந்தக் கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை.

முடியாததற்கு ஒரு காரணம் அனுமதி. உலையைச் சூடாக்க ஒவ்வோர் ஐம்பது டிகிரிக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்துக்கும் மூன்று கட்டடங்களில் மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது உலை ஆறிப்போய் முந்தைய படிவத்தின் வரம்புக்குள் இறங்கியிருக்கும். மூன்றாவது கையெழுத்து பாதுகாப்பு அதிகாரியுடையது. அவரை நாங்கள் ஐஸ்கட்டி என்போம். முந்நூறு டிகிரிக்கான படிவத்தை முதன்முறை நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதுக்குப்பா இவ்ளோ சூடு? நாப்பதுல முடிக்க முடியாதா?”

இது உயர்வெப்ப ஆய்வு என்றேன்.

“நாப்பது உயரம் இல்லையா? எனக்கெல்லாம் முப்பத்தெட்டு வந்தாலே லீவு போட்டுடுவேன்.”

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ‘குறைக்க முயலவும்’ என்று ஓரத்தில் எழுதித்தான் கையெழுத்திட்டார்.

இரண்டாவது காரணம் விருந்தினர் நாள். ஆண்டுக்கு ஒருமுறை மிகப் பெரிய மனிதர் ஒருவர் நிறுவனத்தைப் பார்க்க வருவார். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து எந்த ஆய்வும் நடக்காது. ஆய்வு நடக்கும் இடத்தைத் துடைக்கும் வேலை நடக்கும். ஐந்தாம் ஆண்டு விருந்தினர் நாளுக்கு முன்பு இயக்குநர் எங்கள் அறைக்கு வந்து உலைக்குள் எட்டிப் பார்த்தார். பித்தளைக் கிளிப்புகள் சூடுபட்டுக் கறுத்திருந்தன. பழைய வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிறது, உலகத்தரம் என்றால் பளபளப்பு வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தில் உள்ள பித்தளை அனைத்துக்கும் பளபளப்பு முலாம் பூச வேண்டும். கதவுப்பிடி, தண்ணீர்க் குழாய், மாடிப்படியின் கைப்பிடி, இயக்குநரின் பெயர்ப்பலகை எல்லாம் பட்டறைக்குப் போயின. அவற்றோடு என் கிளிப்புகளும் போய், முகம் பார்க்கும் கண்ணாடி போலத் திரும்பி வந்தன.

விருந்தினர் எங்கள் அறையில் நான்கு நிமிடம் இருந்தார். அதில் மூன்று நிமிடம் உலைக்கு முதுகைக் காட்டி நின்றார். படமெடுப்பவர் அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் அளந்தபோது சைகை சாகவில்லை.

இருநூற்று எண்பத்தேழில் சற்றுக் குறைந்தது. பிறகு அப்படியே நின்றது. முந்நூறில் இருந்தது. முந்நூற்று இருபதில் இருந்தது. முந்நூற்று நாற்பதிலும் காந்தத்தைத் திருப்பினால் ஒழுங்காகத் திரும்பியது. படலத்தில் காந்தமே இல்லாத வெப்பத்தில் ஸ்பின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இல்லை. வீட்டுக்குள் தெரியாத ஆள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான்காம் நாள் என் நெறியாளரிடம் காட்டினேன். மேடம் நல்ல விஞ்ஞானி. இளம் வயதில் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

மூன்று மாதத்தில் அதற்கு ‘இறவாச் சுழற்சி விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை வந்தது. பதாகை வந்தது. இயக்குநர் பெரிய கூடத்தில் பேசினார். அந்தப் பேச்சு அச்சடித்துத் தரப்பட்டதால் இதில் என் நினைவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

“இந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் புரியல. அதை வெளிப்படையாவே சொல்றேன். புரிஞ்சிருந்தா ஒரு சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் வந்திருந்தா இந்த மேடை வந்திருக்காது. ஒரு நிறுவனத்தோட தலைவன் புரிஞ்சுக்கறதுக்காக உட்கார்ந்திருக்கல. முதல் ஆளா கை தட்டறதுக்காக உட்கார்ந்திருக்கான்.”

சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை தட்டினார்.

பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று ஆய்வகங்கள் எழுதிக் கேட்டன. நிறுவனம் பெருந்தன்மையோடு அவர்களுக்கும் முலாம் பூசிய கிளிப்புகளை அனுப்பியது. மூன்று ஆய்வகங்களும் அதே விளைவைக் கண்டன.

அக்காவுக்கு இதையெல்லாம் ஒரு சாயங்காலம் விளக்கினேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செத்திருக்க வேண்டிய சைகை சாகவில்லை என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது.

“எங்ககிட்டயும் வரும்டா அது. ஆளு அசையாமக் கெடப்பாரு, கோடு மட்டும் நல்லா துள்ளும். அப்ப ஆளை எழுப்பி ஓரமா உக்கார வச்சிட்டு மெஷினைப் பாப்போம். ஆளில்லாமலும் துள்ளுச்சுன்னா ஒயர்ல கோளாறு.” குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். “நீ படலத்தை எடுத்துட்டுப் பாத்தியா?”

பார்த்திருந்தேன். இரண்டாம் ஆண்டில். அப்போது சுத்தமான சைபர் வந்தது; அதன் பிறகு பார்க்கத் தோன்றவில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

நானூறு டிகிரிக்கு அனுமதி வாங்கப் பதினொரு நாள் ஆயிற்று. சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் பிளாட்டினக் கோடு மட்டும் போட்டு, காந்தப் படலம் என்பதே இல்லாமல், உலைக்குள் வைத்தேன். முந்நூறில் சைகை வந்தது. திருப்பினால் திரும்பியது. முந்நூற்று ஐம்பத்தைந்தில் தளர்ந்தது. முந்நூற்று ஐம்பத்தெட்டில் செத்தது. எந்தக் காந்தப் பொருள் அந்த வெப்பத்தில் சாகும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பட்டறைக்குப் போய், முலாம் பூசியவரிடம் அது என்ன முலாம் என்று கேட்டேன்.

“நிக்கல்தான் தம்பி. வேறென்ன பூசுவாங்க?” அவர் கை வேலையை நிறுத்தவில்லை. “ஏன், உரியுதா?”

உரியவில்லை, நன்றாகப் பிடித்திருக்கிறது என்றேன்.

நிக்கலும் காந்தம்தான். சூட்டில், காந்தப் புலத்தில் வைத்தால் அதுவே ஒரு சின்ன மின்னழுத்தத்தைக் கொடுக்கும். ஓராண்டாக நாங்கள் அளந்துகொண்டிருந்தது விருந்தினருக்காகப் பூசிய பளபளப்பை.

மேடம் கண்ணாடித் துண்டின் வரைபடத்தைப் பார்த்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. அது ஏற்கெனவே சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்கும்வரை மேடம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார் யார்கிட்ட சொன்ன?” என்றார் கடைசியில்.

யாரிடமும் இல்லை என்றேன்.

“ம்.” வரைபடத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு ரிட்டயராக.”

அவர் அதைக் காரணமாகச் சொன்னாரா, மன்னிப்பாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முறைப்படி தெரிவிக்கலாம் என்று அலுவலகத்துக்குப் போனேன். கண்டுபிடித்ததைத் தெரிவிக்க நான்கு விதமான படிவங்கள் இருந்தன. கண்டுபிடிக்கவில்லை என்று தெரிவிக்க எதுவும் இல்லை. எழுத்தர் இரக்கமுள்ளவர், இருப்பதிலேயே நெருக்கமானது ‘தொலைந்த பொருள்’ படிவம்தான் என்று தேடி எடுத்துக் கொடுத்தார். தொலைந்த பொருள்: இறவாச் சுழற்சி விளைவு. கடைசியாகப் பார்த்த இடம்: அறை பதினான்கு. ஒன்பது நாளில் பதில் வந்தது. கண்டுபிடிப்புக் காப்புக் குழு முன் ஆஜராக வேண்டும்.

குழுவில் ஐந்து பேர். இயக்குநர், ஐஸ்கட்டி, மேடம், சட்ட ஆலோசகர், நடுநிலைக்காகத் தோட்டப் பராமரிப்புத் தலைவர். நான் நடந்ததைச் சொன்னேன். சட்ட ஆலோசகர் முதலில் கேட்டார்.

“நீங்க அளந்த அந்தக் கண்ணாடிக்கு மாதிரி எண் என்ன?”

எண் இல்லை என்றேன். காந்தப் படலம் உள்ளவற்றுக்கு மட்டும்தான் எண் தருவார்கள்.

“எண் இல்லன்னா மாதிரி இல்ல. மாதிரி இல்லன்னா அளவு இல்ல. நடக்காத ஒரு அளவைப் பத்தி நாம எதுக்குப் பேசிட்டிருக்கோம்?”

தோட்டப் பராமரிப்புத் தலைவர் மட்டும் சற்றுத் தயங்கினார். அப்படியென்றால் கிளிப்பை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றார். அறையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் இடத்தில் வாகனப் பிரிவுத் தலைவர் இருந்தார்.

நெடுநேரம் கண்ணை மூடியிருந்த இயக்குநர் திறந்தார்.

“தம்பி என்ன சொல்றாருன்னு யாருக்குமே புரியல. படலம் இல்லாமலே விளைவு வருதுங்கறார். உலகத்துல எல்லாரும் படலம் இருந்தாத்தான் வரும்னு அதைக் கட்டிட்டு அழறாங்க. நமக்கு இல்லாமலே வருது. இது பழைய கண்டுபிடிப்போட தப்பு இல்ல. ரெண்டாவது கண்டுபிடிப்பு.”

அப்படித்தான் ‘படலமில்லாப் படல விளைவு’ பிறந்தது. நான் மறுத்ததை என் தன்னடக்கம் என்று குறிப்பில் எழுதினார்கள். அதே கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, முலாம் இல்லாத பித்தளையை ஆய்வகத்துக்குள் கொண்டுவருவது ஒழுங்குமீறல். மற்றது ஐஸ்கட்டி கொண்டுவந்தது: பாதுகாப்பைக் கருதி, இனி எந்த உலையும் முந்நூற்று ஐம்பது டிகிரியைத் தாண்டக்கூடாது. அவருக்கு நிக்கலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உலையைத் தணிக்க ஒரு வாய்ப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் சைகை நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட எந்த வெப்பத்திலும் சாகவில்லை.

ஆறாம் ஆண்டு முடிய ஒரு மாதம் இருந்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. பொது வாய்மொழித் தேர்வின் முடிவில் தேர்வாளர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கமான வாசகத்தோடு எனக்காக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘இதில் கூறப்பட்ட சைகை கூறப்பட்ட காரணத்தாலேயே எழுகிறது என உறுதியளிக்கிறேன்.’

அந்தத் தாளை அக்காவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள்.

“இதுல என்ன இருக்கு? கையெழுத்துப் போடு.”

பொய் என்றேன்.

“உனக்குத் தெரியும்ல பொய்னு? எனக்கும் தெரியும். அப்புறம் என்ன? நான் வேலைக்குச் சேந்த நாள்லருந்து டாக்டர் சொல்ற ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டுதான் வரேன். எல்லாமே சரின்னா போடறேன்?” தாளைத் திருப்பித் தந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “ஆறு வருஷம்டா. என் தம்பி என்ன பண்றான்னு கேக்கறவங்களுக்கு நான் ஆறு வருஷமா ஒரே பதிலைச் சொல்லிட்டிருக்கேன். பதிலை மாத்திக் குடு.”

நான் போடுகிறேன் என்று சொன்னேன். அந்த நிமிடத்தில் போடத்தான் நினைத்தேன்.

தேர்வன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வெளித் தேர்வாளர் எங்களிடம் கிளிப் வாங்கிய மூன்று ஆய்வகங்களில் ஒன்றின் தலைவர். ஆய்வேடு அவர் முன்னால் இருந்தது. ஒட்டியிருந்த பக்கங்கள் பிரிக்கப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. செய்முறை காட்ட வேண்டும் என்பது விதி. உலையை மேடையருகே நகர்த்தியிருந்தார்கள். நான் துண்டை வைத்தேன். முந்நூற்று நாற்பது டிகிரிக்கு ஏற அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் இயக்குநர் பேசினார். திரையில் சைகை எழுந்தது. காந்தத்தைத் திருப்பினேன், திரும்பியது. கூடம் எழுந்து நின்று கை தட்டியது. அக்காவும் தட்டினாள்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக் காட்டினேன்.

“உள்ள இருக்கறது இதோட ஜோடி. வெறும் கண்ணாடி. காந்தப் படலம் கிடையாது. நீங்க பாத்தது கிளிப்போட நிக்கல்.”

மேடம் எழுந்து வந்து என் கையிலிருந்த துண்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

வெளித் தேர்வாளர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“உள்ள இருக்கறதுக்கு மாதிரி எண் இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப செய்முறை நடக்கல,” என்றார் அவர். நிம்மதியாகத் தெரிந்தார். “செய்முறை இல்லாம நான் எப்படி மதிப்பிட முடியும்?”

இயக்குநர் உறுதிமொழித் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபமே இல்லை. தூங்கப் போகும் குழந்தையிடம் பேசுவது போல இருந்தது. “தம்பி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தத் தாள்ல எண் இருக்கு. இதுல போடுங்க.”

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் பட்டியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்தேன். நான் மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் அவள் எழுந்து போயிருந்தாள்.

பிறகு நடந்தவை இவை. இறவாச் சுழற்சிக்கும் படலமில்லாப் படலத்துக்கும் சேர்த்து இயக்குநருக்கு ஒரு விருது கிடைத்தது. இப்போது அவர் இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர். மேடம் இரண்டு ஆண்டு முடித்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு காந்தப் படலம் பற்றி எதுவும் எழுதவில்லை. ஐஸ்கட்டி உச்சவரம்பை இருநூறு டிகிரியாகக் குறைத்தார். அவர் பெயரில் ஒரு பாதுகாப்புப் பரிசு இருக்கிறது. வெளித் தேர்வாளரின் மாணவர்கள் மூவர் இந்த விளைவில் பட்டம் பெற்றார்கள். பட்டறைக்காரர் கிளிப்புக்கு முலாம் பூசும் வேலையை மட்டும் முழுநேரமாகச் செய்கிறார். தோட்டப் பராமரிப்புத் தலைவர் தோட்டத்திலேயே இருக்கிறார். என் பதிவு அந்த மாதக் கடைசியில் தானாக ரத்தானது. நான் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் உலைகளின் வெப்பமானிகளைச் சரிபார்க்கிறேன். அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.